எண்பது வயதில் கொலஸ்ட்ரால் சொல்லாததை ட்ரோபோனின் சொல்லுமா?

2019 ஆகஸ்டில் உலகம் முழுக்க ஒரு செய்தி ஓடியது. இன்னும் ஐந்து, பத்து ஆண்டுகளில் ஒருவர் இறந்துவிடுவாரா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடுமாம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஜெர்மனியின் கொலோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் முதுமை உயிரியல் நிறுவனமும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. 44,168 பேரின் ரத்த மாதிரிகளை அலசி, மரணத்தோடு தொடர்புள்ள 14 அளவுகளைப் பட்டியலிட்டிருந்தார்கள்.

அதன் பிறகும் இந்த வகைச் செய்திகள் ஓயவில்லை. இன்னொரு பக்கம், நம் ஊர் லேப்களின் முதியோர் பேக்கேஜ்களில் சிஆர்பி, ஹோமோசிஸ்டீன், லிப்போபுரோட்டீன் ஏ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில இடங்களில் என்டி-ப்ரோபிஎன்பி வரை வந்துவிட்டது. 78 வயதுப் பெரியவரின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்றிருக்கும். நாலு வரி தள்ளி, கேள்விப்படாத ஒரு பெயருக்கு எதிரே 'ஹை' என்று தடித்த எழுத்தில் இருக்கும். வீட்டில் கலவரம். இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

பயோமார்க்கர் என்பது என்ன

உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்து அறிய உதவும் எந்த அளவும் பயோமார்க்கர்தான். ரத்தச் சர்க்கரையும் ஒன்று, ரத்த அழுத்தமும் ஒன்று. பேச்சுவழக்கில் ரத்தத்தில் அளக்கும் பொருட்களையே அப்படிச் சொல்கிறோம். ஒரே பயோமார்க்கரை மூன்று வெவ்வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துவார்கள். குழப்பத்தில் பாதி இந்த மூன்றையும் கலந்துவிடுவதால் வருவது.

1. நோயைக் கண்டறிதல்: நெஞ்சுவலியோடு வந்தவருக்கு இப்போது மாரடைப்பா, இல்லையா?
2. வருங்காலத்தைக் கணித்தல்: இன்று நன்றாக நடமாடுபவருக்கு அடுத்த பத்தாண்டில் என்ன வரலாம்?
3. சிகிச்சையைக் கண்காணித்தல்: கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா?

முதல் வேலைக்காக வகுத்த 'நார்மல்' எல்லையைத்தான் லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அச்சிடுகிறார்கள். படிப்பவரோ அதை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார்.

பழைய கணக்கு முதுமையில் ஏன் தடுமாறுகிறது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்றொரு ஊர். அங்கே 1948இல் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வுதான், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவற்றை மாரடைப்போடு சேர்த்து உலகுக்குக் காட்டியது. வயது, பாலினம், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடும் முறையும் அங்கிருந்து வந்ததே. நடுத்தர வயதினருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, 85 வயதானவருக்கு? லைடன் நகரில் 85 வயதை எட்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் இதயநோய் வரலாறே இல்லாத 302 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, முடிவை 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 108 பேர் இறந்திருந்தார்கள். அதில் 35 மரணங்கள் இதய, ரத்தக்குழாய் நோய்களால். யார் அப்படி இறப்பார்கள் என்று கணிப்பதில் ஃபிரேமிங்ஹாம் மதிப்பெண் எடுத்த அளவு 0.53.

இந்த எண்ணைப் புரிந்துகொண்டால் மீதிக் கட்டுரை எளிது. இறந்தவர் ஒருவர், பிழைத்தவர் ஒருவர் என்று ஜோடி ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜோடிகளில் இறந்தவருக்கு அதிக ஆபத்து மதிப்பெண் கிடைத்திருக்கிறது? எல்லா ஜோடியிலும் என்றால் 1. பாதி ஜோடிகளில் மட்டும் என்றால் 0.5, அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். இதைப் பிரித்தறியும் திறன் என்கிறார்கள். 0.53 என்றால் காசைச் சுண்டுவதைவிட ஒரு முடி கூடுதல்.

ஏன் இப்படி? காரணங்கள் நான்கு.

1. மதிப்பெண்ணில் பெரிய பங்கு வயதினுடையது. எல்லோருக்கும் 85 என்று ஆனபின் அந்தப் பங்கு முழுக்கக் கழன்றுவிடுகிறது. மிச்சமிருப்பவற்றுக்கு அவ்வளவு பலம் இல்லை.
2. 85 வரை வந்தவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். அதிகக் கொலஸ்ட்ராலால் பாதிக்கப்படக்கூடியவர்களில் பலர் 60, 70 வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதே கொலஸ்ட்ராலோடு 85ஐத் தாண்டியவரிடம் அதைத் தாங்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.
3. நோயே எண்ணைக் குறைத்துவிடுகிறது. புற்றுநோய், நாள்பட்ட தொற்று, சரியாகச் சாப்பிட முடியாத நிலை, தளர்ந்த இதயம் எல்லாமே கொலஸ்ட்ராலையும் ரத்த அழுத்தத்தையும் கீழே இறக்கும். மிக முதியவர்களில் குறைந்த கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் முன்னதாக இறப்பதாகப் பல ஆய்வுகளில் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். கொலஸ்ட்ராலை ஏற்றினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அப்படிப் பரப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகள் தலைகீழாகப் படிக்கின்றன.
4. மரணத்துக்குப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. நிமோனியா, இடுப்பெலும்பு முறிவு, புற்றுநோய் ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். இதைக் கணக்கில் எடுக்காத கருவி, முதியவரின் இதய ஆபத்தை மிகையாகக் காட்டும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனி மதிப்பெண் முறை வந்ததற்கு இந்தப் போட்டி மரணங்களும் ஒரு காரணம்.

ஆக, பழைய காரணிகள் இதயத்துக்கு என்னென்ன நேரலாம் என்று சொல்பவை. முதியவரிடம் கேட்க வேண்டியது, ஏற்கெனவே எவ்வளவு தேய்மானம் ஆகியிருக்கிறது என்பதை. அதைச் சொல்லக்கூடிய பொருட்கள் சில உண்டு.

ட்ரோபோனின்: சத்தமில்லாத கசிவு

இதயத் தசை சுருங்கி விரிய உதவும் புரதம் ட்ரோபோனின். தசைச் செல் சிதைந்தால் அது ரத்தத்தில் கலக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அவசரப் பிரிவில் எடுப்பது இதைத்தான். இதில் டி, ஐ என்று இரண்டு வகைகளை அளக்கிறார்கள். பழைய சோதனை முறைகளில் ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ட்ரோபோனின் அகப்படாது. அதிக நுண்ணுணர்வுச் சோதனை வந்தபின், இதயம் எப்போதுமே இம்மியளவு கசியவிட்டுக்கொண்டிருக்கிறது என்பது தெரியவந்தது.

அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்து 1989இல் ஓர் ஆய்வு தொடங்கியது. கார்டியோவாஸ்குலர் ஹெல்த் ஸ்டடி என்று பெயர். முதலில் 5,201 பேர். பின்னர் 687 கறுப்பின அமெரிக்கர்களும் சேர்க்கப்பட்டு 5,888 பேர். அப்போது உறையவைத்துப் பாதுகாத்த ரத்தத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய முறையில் சோதித்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவு இது: இதயச் செயலிழப்பு (இதயம் தளர்ந்து, போதிய ரத்தத்தை வெளியேற்ற முடியாத நிலை) இல்லாத 4,221 முதியவர்களில் 66.2 சதவீதம் பேருக்கு ட்ரோபோனின் டி அளக்கக்கூடிய அளவில் இருந்தது. அளக்கவே முடியாத அளவில் இருந்தவர்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு 1.6 பேர் வீதம் இதயச் செயலிழப்பு வந்தது. அளவு மிக அதிகமாக இருந்த பிரிவில் 6.4 பேர். இதய நோயால் இறந்தவர்கள் 1.1க்கு எதிராக 4.8.

இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்த இரண்டாவது மாதிரிதான் இன்னும் சுவாரசியம். அளவு பாதிக்கு மேல் கூடியவர்களுக்கு ஆபத்து கூடியது. பாதிக்கு மேல் குறைந்தவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது. ஒற்றை எண்ணைவிட அது எந்தத் திசையில் நகர்கிறது என்பது அதிகம் பேசுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ட்ரோபோனின் டி சோதனையில் பரவலாகப் பயன்படும் மேல் எல்லை லிட்டருக்கு 14 நானோகிராம். எந்த நோயும் தெரியாத 70, 75 வயதுக்காரர்கள் பலர் இந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறார்கள். சிறுநீரகம் மந்தமானாலும், ரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடித்தாலும் ஏறும். அதனால்தான் மாரடைப்பு என்று சொல்ல, எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளுக்கிடையே ஏற்றமோ இறக்கமோ தெரிய வேண்டும், கூடவே நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம் போன்ற சான்றும் வேண்டும். 20, 21, 20 என்று நிலையாக இருக்கும் எண், இன்று மாரடைப்பு இல்லை என்றும் நெடுநாளாக இதயத்துக்குச் சுமை இருக்கிறது என்றும் ஒருசேரச் சொல்கிறது.

என்டி-ப்ரோபிஎன்பி: இழுபடும் சுவரின் குரல்

இதயத்தின் கீழறைச் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது ஒரு ஹார்மோனை உருவாக்குகிறது. அது இரண்டு துண்டாக உடையும். பிஎன்பி என்ற துண்டு உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றி, ரத்தக்குழாயைத் தளர்த்தி, இதயத்தின் பாரத்தைக் குறைக்கப் பார்க்கும். மற்றத் துண்டான என்டி-ப்ரோபிஎன்பிக்கு அப்படி வேலை எதுவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், அதனால் அளக்க வசதி.

மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்களுக்கு வகுத்த எல்லைகளைப் பாருங்கள்: 50 வயதுக்குள் 450, 50 முதல் 75 வரை 900, 75க்கு மேல் 1,800 (மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம்). வயது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் வெளிநோயாளிகளுக்கான 125 என்ற ஒரே எல்லையைத்தான் பல ரிப்போர்ட்டுகள் எல்லா வயதுக்கும் போடுகின்றன. 80 வயதில் 125ஐத் தாண்டுவது அபூர்வமே அல்ல.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினாலும், வால்வு பழுதானாலும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இது ஏறும். உடல் பருத்தவர்களிடம் உண்மையான நிலையைவிடக் குறைவாகக் காட்டும். பருத்த உடலோடு மூச்சு வாங்கும் பாட்டிக்கு இந்த எண் நார்மலாக வந்தால் மட்டும் நிம்மதியாகிவிடக் கூடாது.

கணிப்பு என்று வந்தால், முதியவர்களிடம் இது வலுவான குறியீடு. மேலே சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், 190க்குக் கீழே இருந்தவர்களில் சிலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் அளவு 25 சதவீதத்துக்கு மேல் கூடி 190ஐத் தாண்டியது. தாண்டாதவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய இரு மடங்கு.

சிஸ்டாட்டின் சி, சிஆர்பி, மற்றவை

சிஸ்டாட்டின் சி சிறுநீரகத்தின் அளவுகோல். அதற்குத்தான் கிரியேட்டினின் இருக்கிறதே என்று தோன்றும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய 80 வயது உடலில் அது குறைவாகத்தான் உற்பத்தியாகும்; சிறுநீரகம் பாதி செயலிழந்திருந்தாலும் ரிப்போர்ட்டில் 0.9 என்று அழகாக நிற்கும். சிஸ்டாட்டின் சி உடலின் எல்லாச் செல்களிலிருந்தும் வருவது, தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. 4,637 முதியவர்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், மரணத்தையும் இதய நோயையும் கணிப்பதில் கிரியேட்டினினைவிட இது தெளிவாக முன்னால் நின்றது. என் பார்வையில், முதியவர்களுக்கான பேக்கேஜ்களில் அதிகம் இருக்க வேண்டியதும் இல்லாமலிருப்பதும் இந்தச் சோதனைதான். சிறுநீரகத்தின் உண்மை நிலை தெரிந்தால் மருந்தின் அளவையாவது திருத்தலாம்.

சிஆர்பி கல்லீரல் சுரக்கும் புரதம், உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். இதய ஆபத்துக்காகப் பார்க்கும் நுண்ணுணர்வுச் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைவு, 3க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான பிரிப்பு. மூட்டுவலி, ஈறு நோய், சளி, சிறுநீர்த் தொற்று எல்லாம் நடமாடும் வயதில் இந்த எண் இதயத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்று எப்படிச் சொல்வது? 10க்கு மேல் வந்தால் தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, அது தீர்ந்தபின் மறுபடி எடுப்பதே முறை.

லிப்போபுரோட்டீன் ஏ ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒரு வகைத் துகள். அதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுவது. பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 80 வயதில் அது அதிகமென்று தெரியவந்தால், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி அவர்களைப் பார்த்துக்கொள்ளச் செய்வதுதான் உருப்படியான பயன். ஜிடிஎஃப்-15 என்ற புரதம் மரணத்தைக் கணிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் இதயமா, புற்றுநோயா, தொற்றா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தாலே அது ஏறும்.

எல்லாவற்றையும் கூட்டினால்

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. 2006இல் ஃபிரேமிங்ஹாமைச் சேர்ந்த 3,209 பேரிடம் பத்து பயோமார்க்கர்களைச் சோதித்தார்கள்; சராசரி வயது 59. பழைய காரணிகளோடு இவற்றைச் சேர்த்ததில் பிரித்தறியும் திறன் கொஞ்சம்தான் கூடியது. 2008இல் ஸ்வீடனின் உப்சாலா நகரில் சராசரி 71 வயதான 1,135 ஆண்களிடம் ட்ரோபோனின் ஐ, என்டி-ப்ரோபிஎன்பி, சிஸ்டாட்டின் சி, சிஆர்பி ஆகிய நான்கை மட்டும் பார்த்தார்கள். இதய நோய் மரணத்தைக் கணிக்கும் திறன் 0.664இலிருந்து 0.766க்கு உயர்ந்தது.

வேறுபாட்டில் வயதுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 59இல் பெரும்பாலோரின் இதயம் இன்னும் காயப்படவில்லை. பழைய காரணிகள் சொல்வதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 71இல் காயம் தொடங்கியிருக்கிறது, குறியீடுகள் அதை வாசிக்கின்றன. உப்சாலாவில் தேர்ந்தெடுத்த நான்கும் இதயத் தசை, இதயச் சுவர், சிறுநீரகம், அழற்சி என்று வெவ்வேறு இடத்திலிருந்து பேசுபவை என்பதும் உதவியது. ஒரே விஷயத்தைச் சொல்லும் பத்து குறியீடுகளைக் கூட்டினால் செலவுதான் கூடும்.

கணித்துவிட்டது, சரி; மாற்ற முடியுமா?

இந்தத் துறையின் மிகப் பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. லைடன் ஆய்வுக்குத் திரும்புவோம். ஃபிரேமிங்ஹாம் மதிப்பெண் 0.53இல் தடுமாறியபோது, ரத்தத்திலுள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவு ஒன்றே 0.65 எடுத்தது. ஹோமோசிஸ்டீனைக் குறைப்பதும் எளிது: ஃபோலிக் அமிலம், பி6, பி12 போதும். மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று எவருக்கும் தோன்றும்.

தோன்றியது, ஏற்கெனவே செய்தும் பார்த்துவிட்டார்கள். 55 வயதைத் தாண்டிய, ரத்தக்குழாய் நோயோ சர்க்கரையோ உள்ள 5,522 பேரிடம் நடந்த ஹோப்-2 பரிசோதனை 2006இல் முடிவைச் சொன்னது. ஐந்து ஆண்டுகள் விட்டமின் எடுத்தவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை விட்டமின் பிரிவில் 18.8 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 19.8 சதவீதம், தற்செயலைத் தாண்டிய வேறுபாடாக அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே ஆண்டு நார்வேயில் நடந்த பரிசோதனையிலும் பலனில்லை.

செம்பரம்பாக்கம் ஏரியில் நீர்மட்டம் காட்டும் அளவுகம்பம் வெள்ளம் வருவதைச் சரியாகச் சொல்லும்; கம்பத்திலுள்ள எண்ணை அழித்துக் குறைத்து எழுதினால் அடையாற்றில் ஓடும் தண்ணீர் குறையாது. ஹோமோசிஸ்டீன் அப்படிப்பட்ட கம்பம். சிஆர்பியும் ஏறக்குறைய அதே கதை. பிறவியிலேயே மரபணுக்களால் சிஆர்பி அதிகமாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகமாக வருவதில்லை என்று பெரிய மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சிஆர்பியை ஏற்றிவிடும் அழற்சிக்குக் கணக்கில் பங்கு உண்டு: 2017இல் கேண்டோஸ் பரிசோதனையில், அழற்சித் தூதுப் புரதம் ஒன்றைத் தடுக்கும் ஊசி இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது. உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த மரணங்கள் குறையவில்லை.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதை மறந்துவிடுகிறார்கள். பின்லாந்தின் தம்பேரே நகரில் 85ஐத் தாண்டியவர்களிடம் நடந்த 1988 ஆய்வில், ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களே கூடுதல் நாள் வாழ்ந்தார்கள். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா? 80 வயதைத் தாண்டிய 3,845 பேரிடம் நடந்த ஹைவெட் பரிசோதனை 2008இல் பதில் தந்தது: மேல் அழுத்தம் 160ஐத் தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்து 150/80ஐ இலக்காக வைத்ததில் மொத்த மரணங்கள் 21 சதவீதம் குறைந்தன, இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது. முதியவர்களிடம் மோசமாகக் கணிக்கும் ஓர் அளவு, சிகிச்சையால் உயிர் காக்கும் இடமாக இருந்தது. நன்றாகக் கணித்த ஹோமோசிஸ்டீன் அப்படி இருக்கவில்லை. எந்த எண்ணைக் குறைத்தால் ஆள் பிழைப்பார் என்பதைப் பரிசோதனை நடத்தித்தான் தெரிந்துகொள்ள முடியும். தொடர்பைப் பார்த்து ஊகிக்க முடியாது.

குறியீட்டை வைத்துக் கவனிப்பை மாற்றிப் பலன் கண்ட முயற்சியும் இருக்கிறது. அயர்லாந்தில் 1,374 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஸ்டாப்-எச்எஃப் ஆய்வில், பிஎன்பி 50ஐத் தாண்டியவர்களுக்கு எக்கோ எடுத்து, இதய மருத்துவரிடம் அனுப்பி, ரத்த அழுத்த மருந்துகளைச் சரிப்படுத்தினார்கள். இடது கீழறை பழுதடைவது 8.7 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தது. பிஎன்பியை நேரடியாகக் குறைக்க அவர்கள் எதுவும் செய்யவில்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022இல் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வகைச் சோதனையைப் பரிந்துரைத்ததும் இதே நோக்கத்தில்தான்.

தலைப்புச் செய்தியைப் பிரித்துப் படிப்பது

2019 ஆய்வின் உண்மையான எண்கள் தலைப்புகளைவிட அடக்கமானவை. ஐந்தாண்டு மரணத்தைக் கணிப்பதில் வழக்கமான காரணிகள் 0.772, பயோமார்க்கர்களும் பாலினமும் 0.837. முன்னேற்றம்தான். ஆனாலும் நூறு ஜோடிகளில் 16இல் தவறு நேர்கிறது. தனி ஒருவருக்கு நாள் குறிக்கும் சங்கதி இதில் எதுவும் இல்லை. பட்டியலில் ஆல்புமினும் குளுக்கோஸும் இருந்தன. இரண்டும் எந்தச் சிறிய லேபிலும் செய்யும் சோதனைகள்.

'நான்கு மடங்கு ஆபத்து' என்பதையும் இப்படியே பிரிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் ட்ரோபோனின் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு நான்கு மடங்கு. ஆண்டுக்கு 100 பேரில் 6.4 என்றால், அந்த ஆண்டில் 93க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வரவில்லை. அதே வேளையில் பத்தாண்டு என்று பார்த்தால் அது சிறிய எண்ணும் அல்ல. இரண்டும் ஒரே தரவிலிருந்து வருபவை. செய்தித்தாள் ஒன்றைத்தான் போடும்.

அப்புறம், ஊசியே தேவைப்படாத குறியீடு ஒன்றும் உண்டு. 65 வயதைத் தாண்டிய 34,485 பேரின் தரவை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், சாதாரணமாக நடக்கும் வேகம் ஆயுளைக் கணித்தது. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவர்களுக்கு அவரவர் வயதுக்குரிய சராசரி ஆயுள். அதைவிட வேகமானவர்களுக்கு அதிகம். நான்கு மீட்டர் தரையும் கைக்கடிகாரமும் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,39,691 பேரிடம் நடந்த ப்யூர் ஆய்வில், கைப்பிடியின் பலம் மேல் ரத்த அழுத்தத்தைவிட நன்றாக மரணத்தைக் கணித்தது. எந்த நிறுவனமும் இதற்குப் பேக்கேஜ் விற்க முடியாது என்பதால் விளம்பரமும் இல்லை.

ரிப்போர்ட் கையில் இருந்தால்

1. நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் லேப் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.
2. அச்சிட்டிருக்கும் எல்லை எந்த வயதினருக்கானது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அப்பாவின் வயது அல்ல.
3. பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதே லேப், அதே சோதனை முறை என்றால்தான் ஒப்பிட முடியும். ட்ரோபோனின் டி எண்ணையும் ட்ரோபோனின் ஐ எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியாது.
4. என்டி-ப்ரோபிஎன்பி அதிகம் என்றால் அடுத்தது ஈசிஜி, எக்கோ, சிறுநீரகச் சோதனை. கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, திடீரென எடை கூடுவது ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
5. எண்ணைப் பார்த்துப் பயந்து தானாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ பரிசோதனையில், பெரும்பாலும் 70ஐத் தாண்டிய, இதய நோய் இல்லாத 19,114 பேரில் தினசரி ஆஸ்பிரின் இதய நோயைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவை 2.8 சதவீதத்திலிருந்து 3.8 சதவீதமாகக் கூட்டியது. மாரடைப்புக்குப் பிறகு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு விஷயம், அதை நிறுத்தக் கூடாது.

இந்திய முதியவர்களுக்கு இந்த எண்கள் பொருந்துமா

மேலே சொன்ன எல்லைகளும் மதிப்பெண்களும் பெரும்பாலும் லைடன், உப்சாலா, அமெரிக்க நகரங்கள் ஆகியவற்றின் முதியவர்களை வைத்து உருவானவை. உப்சாலாவில் பெண்களே இல்லை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு முன்கூட்டியே வருகிறது, சர்க்கரை நோய் அதிகம். அதனால் நம்மில் 80ஐ எட்டுபவர்களை வடிகட்டிய சல்லடையே வேறு. யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்ற வரிசை இங்கேயும் பெரும்பாலும் சரியாக இருக்கும். 'பத்தாண்டில் இத்தனை சதவீதம்' என்ற துல்லியம் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஹோமோசிஸ்டீன் இதற்கு நல்ல உதாரணம். சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவு சாதாரணம். ஆண்டுக்கணக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போடுபவர்களுக்கும் இன்னும் குறையும். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். சைவம் சாப்பிடும் 75 வயது சர்க்கரை நோயாளியின் ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் அதிகம் என்று வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பி12. குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுத்தான் ஆக வேண்டும். கால் மரமரப்பு, ரத்தசோகை, மறதி போன்ற தொல்லைகள் அந்தக் குறைவால் வந்திருந்தால் அவற்றுக்கு அதுதான் மருந்து. மாரடைப்புக் கணக்கில் மட்டும் அதை வரவு வைக்க முடியாது.